வெயில் காட்டக்கூடாத கண்ணாடி

மழை விடாமல் பெய்த நாலாம் நாள், தலைகீழாக நிறுத்திய சைக்கிளின் பெடலை மாயாண்டி கையால் சுற்றிக்கொண்டிருந்தார். பின்சில்லு சுழன்றது, டைனமோ உரசிக் கீச்சிட்டது, பால்மா டின்னுக்குள் பொருத்தியிருந்த சின்ன பல்ப் மஞ்சளாக எரிந்தது. அந்த வெளிச்சம் நுணுக்குக்காட்டியின் அடிக்கண்ணாடியில் பட்டு மேலே ஏறியது. வெயில் நாட்களில் இந்தக் கூத்தெல்லாம் தேவையில்லை. மேசையை யன்னலோரம் இழுத்துப்போட்டு, கண்ணாடியைத் திருப்பிச் சூரியனைப் பிடித்துக்கொண்டால் போதும், காலை ஒன்பதிலிருந்து பின்னேரம் மூன்றுவரை ஆய்வுகூடம் தாராளமாக நடக்கும். கார்த்திகை மாதத்தில் சூரியனுக்கு எங்கே போவது? இடம்பெயர்ந்து வந்து, உடையார்கட்டுப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் குந்தியிருந்த ஆஸ்பத்திரி அது. ஜெனரேட்டருக்கான எண்ணெய் சத்திரசிகிச்சைக்கு மட்டும். பற்றரி என்ற சாமானைப் பொருளாதாரத் தடை வந்த நாளிலிருந்து அங்கே யாரும் கண்ணால் கண்டதில்லை. ஆகவே மழை நாளில் யாருடைய இரத்தத்தைப் பார்க்க வேண்டுமோ, அவருடைய ஆட்கள்தான் பெடல் சுற்ற வேண்டும். ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான விமலேஸ்வரி வைத்த சட்டம் அது.

அன்றைக்கு மாயாண்டி சுற்றியது மகளின் இரத்தத்துக்கு. தர்மிளாவுக்கு ஏழு வயது. மூன்று கிழமையாகக் காய்ச்சல், பல் முரசில் இரத்தக் கசிவு, கழுத்தில் நெல்லிக்காய் அளவில் வீக்கம். மலேரியா என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மாரி பிறந்தால் வன்னியில் வேறென்ன வரும்?

"ஒரே சீராச் சுத்துங்கோ அண்ணை, வெளிச்சம் துடிக்குது," என்றாள் விமலேஸ்வரி.

மாயாண்டி சீராகச் சுற்றினார். நிறம் போட்ட கண்ணாடித் துண்டை அவள் மெல்ல நகர்த்தினாள். மலேரியாக் கிருமி ஒன்றுகூட இல்லை. ஆனால் வெள்ளணுக்கள்! ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, பெரிய கரு, சுற்றிவர ஒரு நூல் கனத்துக்கு மட்டும் நீலம். முற்றாத அணுக்கள். இரத்தத்துக்குள் வரவே கூடாத குஞ்சுகள். நூறு எண்ணினாள், எண்பது அதுவாக இருந்தது. கண்ணை எடுக்காமலே இன்னொரு நூறு எண்ணினாள். அவள் முகத்தைப் பார்த்தபடியே சுற்றிக்கொண்டிருந்த மனிதருக்கு என்ன விளங்கியதோ, கை தன்பாட்டில் வேகம் பிடித்தது. பல்ப் வெள்ளையாகக் கூசியது.

"காணும் அண்ணை, விடுங்கோ."

"இன்னும் வேணும்னா சுத்துறேன் மிஸ்," என்றார் அவர். "எனக்குக் கை வலிக்கலை."

டொக்டர் தில்லைநாதன் ஓய்வு பெற்றுப் போன பிறகு திரும்பி வந்து வேலை செய்கிறவர். கண்ணாடியைப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். வெள்ளணுப் புற்று என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதில் இரண்டு வகை இருந்தது. நிணநீர்ப் பக்கத்து வகை என்றால் சின்னப் பிள்ளைகளில் அது மருந்துக்குப் பணியும், கொழும்புக்கு அனுப்பினால் பிழைக்கிற பிள்ளைகள்தான் கூட. மற்ற வகை என்றால் அங்கேயும் பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை.

"எந்த வகை எண்டு உமக்குச் சொல்லேலுமோ பிள்ளை?"

"இந்தச் சாயத்தில ரெண்டும் ஒரே மாதிரித்தான் தெரியுது டொக்டர்."

வெளியே வாங்கில் இருந்த மாயாண்டிக்கு டொக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மாயாண்டி எல்லாவற்றையும் கேட்டார். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்கு ஓடிவந்து, காடு வெட்டி, கச்சான் கடலை போட்டு, இருபது வருடமாக அந்த மண்ணில் நிற்கிற மனிதர். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"வன்னியை விட்டுப் போக பாஸ் கூடப்போற ஒருத்தருக்குத்தான் குடுப்பாங்க. நான் போனா அவ அம்மா இங்கே. பொழைக்கும்னு ஒரு சொல்லு சொல்லுங்க ஐயா, தோளிலே தூக்கிட்டே போறேன். பொழைக்காதுனா எம்புள்ள அவ அம்மா மடியிலேயே இருக்கட்டும். அங்கே தெரியாத ஊருல வேணாம்."

அந்த ஒரு சொல்லைச் சொல்லக்கூடிய ஆள் வன்னியில் இல்லை. கொழும்பில் ஒருவன் இருந்தான்.

செந்தூரன். பயிற்சிக் காலத்தில் விமலேஸ்வரியோடு ஒரே மேசையில் இருந்தவன். அவளைக் கட்டுவதாக இருந்தவன் என்றும் சொல்லலாம், இன்னும் இல்லையென்று ஆகாதபடியால் கட்டப்போகிறவன் என்றும் சொல்லலாம். தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் விசுவமடுவில் அப்பா செத்துப்போனதற்கு ஏழு நாள் லீவில் வந்தாள். "எட்டுச் செலவு முடிய வந்திடுவன்," என்று கொழும்புக் கோட்டை ஸ்ரேசனில் அவனிடம் சொல்லிவிட்டு வந்தாள். எட்டாம் நாளுக்கு முதல் சண்டை தொடங்கிப் பாதை பூட்டிவிட்டது. பிறகு பாதை திறந்தபோது அம்மா பாரிசவாதத்தில் விழுந்திருந்தார். ஏழு நாள் லீவு இப்போது எட்டு வருடமாகிவிட்டது. கடிதங்கள் செஞ்சிலுவை வாகனத்தில் வரும், போகும். கடைசிக் கடிதம் வந்து எட்டு மாதம்.

சும்மா சொல்லக்கூடாது, காதலிக்கிற பெண்ணுக்கு நொதியத்தைப்பற்றி நாலு பக்கம் எழுதுகிற மனுசன் உலகத்தில் அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். கொழும்பில் அவன் வேலை செய்த ஆய்வு நிலையத்துக்கு வெளிநாட்டிலிருந்து சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு போத்தல் வந்திருந்தது. அதற்குள் ஒரு பிறபொருளெதிரி. 'முற்றாத நிணநீர் அணுக்களின் கருவுக்குள் ஒரு நொதியம் இருக்கு விமலா,' என்று எழுதியிருந்தான். 'மற்ற நொதியங்கள் எல்லாம் பழைய டி.என்.ஏ.யைப் பார்த்துப் பார்த்துப் புதுசு எழுதும். இது மட்டும் எதையும் பாராமல், தன்பாட்டில் இழை நுனியில் எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டே போகும். அணு முற்றினால் நொதியம் மறைந்துவிடும். அதைத் தேடிப்போய்ப் பிடிக்கிறதுதான் இந்தப் போத்தலின் வேலை. நீல விளக்குக்குக் கீழே வைத்தால், பிடிபட்ட கரு பச்சையாக எரியும். இருட்டில் பச்சை. நீ வந்து பார்க்கவேணும்.'

'நீ வந்து பார்க்கவேணும்' என்ற இடத்தில் தாள் மடிப்பு கிழிந்துபோயிருந்தது. அத்தனை தரம் விரித்திருக்கிறாள். தன்னைப்பற்றி அவன் ஒன்றும் எழுதவில்லை. சாப்பிட்டானா, யாரோடு இருக்கிறான், தலைமயிர் நரைத்ததா, ஒன்றுமில்லை. அவளுக்கு அந்தப் பச்சையைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் அவன் நின்று, குவியத்தைத் திருகிக் கொடுக்க, அவன் மூச்சு காதில் பட, பார்க்க வேண்டும்.

தர்மிளாவின் அணுக்கள் பச்சையாக எரிந்தால் நிணநீர் வகை. கொண்டுபோகலாம். எரியாவிட்டால் பிள்ளை தாயின் மடியில். அவ்வளவுதான் கேள்வி. அந்த வெள்ளிக்கிழமையே விமலேஸ்வரி சாயம் போடாத ஆறு ஸ்லைட்டுகளைப் பூசி, ஸ்பிரிட்டில் தோய்த்துக் காயவைத்தாள். பின்னேரம் பிள்ளையின் கழுத்து வீக்கம் மூச்சுக்குழாயை அமத்தத் தொடங்கியது. மூச்சு விசிலடித்தது. இனிப் பொறுக்க ஏலாது என்று டொக்டர் பிரெட்னிசலோன் குளிசையைத் தொடங்கினார். மருந்து உள்ளே போனபிறகு எடுக்கிற இரத்தம் எப்படியிருக்குமோ தெரியாது, மருந்துக்கு முந்திய இரத்தம் இந்த ஆறு கண்ணாடியில் மட்டும்தான் என்பதை இருவரும் அறிந்திருந்தார்கள்.

செஞ்சிலுவை வாகனம் திங்களும் வியாழனும் போகும். திங்கட்கிழமை காலை ஸ்லைட்டுகள் ஆயத்தமாக இருந்தன. கடிதம் ஆயத்தமாக இல்லை.

இதைத்தான் பின்னால் அவள் எத்தனையோ தரம் நினைத்து நினைத்துக் குமைந்தாள். இரண்டு வரி எழுதி அனுப்பியிருக்கலாம். 'ஏழு வயதுப் பிள்ளை, பார்த்துச் சொல்லு.' போதும். ஆனால் எட்டு மாதத்துக்குப் பிறகு அவன் கையில் போய்ச் சேரப்போகிற கடிதத்தை இரண்டு வரியில் முடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. கேட்க வேண்டியது எவ்வளவு கிடந்தது! 'நீ கலியாணம் கட்டிவிட்டாயா' என்று எழுதி வெட்டினாள். 'எனக்கு முப்பத்துமூன்று' என்று எழுதி வெட்டினாள். வியாழனுக்கு அனுப்பினாலும் ஒன்றும் குடிமுழுகாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். திங்கள் வாகனம் சேற்றை அடித்துக்கொண்டு போய்விட்டது.

அந்த ஆய்வுகூடத்தில் இன்னொரு சட்டமும் உண்டு. புதுக் கண்ணாடி வருவதில்லை. ஒரு நாளைக்கு நூறு நூற்றைம்பது மலேரியா இரத்தம் பார்க்கிற இடத்தில், பார்த்து முடிந்த ஸ்லைட்டைக் கழுவித்தான் மறுநாள் பாவிக்க வேண்டும். சவர்க்காரத்தூளும் தட்டுப்பாடு, ஆகவே சாம்பலும் எலுமிச்சம்பழமும். இடப்பக்க மேசையில் இருப்பது வைப்பதற்கு, வலப்பக்க மேசையில் இருப்பது கழுவுவதற்கு. சிற்றூழியர் அழகம்மாவுக்கு எழுத்து வாசிப்புத் தெரியாது, ஆனால் இடம் வலம் ஒரு நாளும் பிழைத்ததில்லை. அவரும் மலைநாட்டிலிருந்து வந்தவர்தான், ஐம்பது தாண்டியவர். கழுவிய கண்ணாடியை முந்தானையால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், ஒரு கீறு மாசு இருந்தாலும் திரும்பவும் கழுவுவார்.

புதன்கிழமை மத்தியானம் விமலேஸ்வரி பார்சல் கட்ட உட்கார்ந்தாள். இடப்பக்க மேசை முழுவதும் கடிதத் தாள்கள். நாலு பக்கம், மை காயட்டும் என்று விரித்திருந்தாள். அதனால் ஆறு ஸ்லைட்டையும் எடுத்து, ஒரு நிமிடத்துக்கென்று, வலப்பக்க மேசையில் வைத்தாள். அந்த நேரம் பார்த்து நோயாளர் விடுதியிலிருந்து கூப்பிட்டார்கள், இரத்தம் ஏற்றுகிற ஒருவருக்கு நடுக்கமாம். ஓடினாள். திரும்பிவர முக்கால் மணித்தியாலம்.

வலப்பக்க மேசை வெறுமையாக இருந்தது. வெளியே கிணற்றுக் கட்டில் அழகம்மா கண்ணாடிகளைப் பனையோலைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இதில... இதில வைச்ச ஆறு ஸ்லைட் எங்கை?"

"கழுவியாச்சு மிஸ். சாயமே போடாம சும்மா கிடந்துச்சே. மங்கலா ஒரு கறை மட்டும், போகவே மாட்டேன்னுச்சு. மூணு தடவை தேச்சுட்டேன்."

அடக் கடவுளே! விமலேஸ்வரி கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே பிறகு நினைவில்லை. மருந்தெடுக்க வந்த சனம் எட்டிப் பார்த்தது. அழகம்மா ஈரக் கையோடு நின்றார். கண்ணாடி எல்லாம் பளிச்சென்று இருந்தன, எது எதுவென்று பிரிக்கவே முடியாதபடி. கத்தி ஓய்ந்து உள்ளே வந்தபோது இடப்பக்க மேசையில் மை காய்ந்துபோன நாலு தாள் அவளைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அப்போதுதான் அவள் அழுதாள். அந்த மனுசியில் என்ன பிழை? வைக்கிற மேசையைப் பிடித்து வைத்திருந்தது தன் ஆசை.

வியாழக்கிழமை காலை, நடப்பது நடக்கட்டும் என்று தர்மிளாவிடம் புதிதாக இரத்தம் எடுத்தாள். பிள்ளை பாண் துண்டைக் கடித்துக்கொண்டே மற்றக் கையை நீட்டியது. மூச்சில் விசில் இல்லை. மழையும் விட்டிருந்தது. யன்னலோரம் மேசையை இழுத்து, கண்ணாடியைத் திருப்பிச் சூரியனைப் பிடித்தாள்.

நூறு எண்ணினாள். இரண்டு. இன்னொரு நூறு எண்ணினாள். மூன்று.

முதலில் நெஞ்சு விழுந்துபோயிற்று. செந்தூரனுக்கு அனுப்ப இனி ஒன்றுமில்லை. பிறகு கையில் இருந்த பென்சில் நின்றது. எண்பது இருந்த இடத்தில் இரண்டும் மூன்றும். ஆறே நாளில். இந்தக் குளிசைக்கு இப்படிக் கரைகிற அணு எது? எழும்பி, செருப்பைக்கூடப் போடாமல், டொக்டரின் அறைக்கு ஓடினாள்.

தில்லைநாதன் இரண்டு தரம் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூன்றாம் தரம் பார்த்தார்.

"மற்ற வகை இதுக்கு இப்பிடி மசியாது," என்றார். "முழுக்கச் சத்தியம் பண்ண மாட்டன் பிள்ளை. முக்கால்வாசி சொல்லுவன். ஆனா இது ஒளிச்சிருக்கே தவிரப் போகேல்லை. மாதத்துக்குள்ள திரும்பி வரும். அதுக்கு முன்னம் கொழும்பு."

மாயாண்டியிடம் அவள்தான் போய்ச் சொன்னாள். முக்கால்வாசி என்பதை மறைக்காமல் சொன்னாள். அதோடு நின்றிருக்கலாம். நிற்க முடியவில்லை.

"அண்ணை, முழுசாச் சொல்லக்கூடிய ஸ்லைட் என்னட்டை இருந்தது. திங்கக்கிழமையே அனுப்பியிருக்க வேணும். நான்தான் மறிச்சு வைச்சனான். கூட ஒரு கடிதம் வைக்கவேணும் எண்டு. பிறகு அது கழுவுப்பட்டுப் போச்சு. அழகம்மாக்காவைக் குறை சொல்லாதேங்கோ."

மாயாண்டி அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"கடுதாசி யாருக்கு மிஸ்?"

"கொழும்பில ஒராளுக்கு."

"பாத்து எத்தனை வருசம்?"

"எட்டு."

அவர் மகளைப் பார்த்தார். தர்மிளா பாண் துண்டின் கரையைப் பிய்த்து எறும்புக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

"எம்புள்ளைக்கே ஏழுதான்," என்றார். பிறகு கையை நீட்டினார். "குடுங்க மிஸ். நான்தான் போறேனே."

வன்னியை விட்டுப் போகப் பாஸ் எடுப்பதற்குப் பிணை வேண்டும். போனவர் திரும்பும்வரை பிணை நின்றவருக்குப் பாஸ் கிடையாது, அதுதான் நடைமுறை. மாயாண்டியின் மனைவியும் மற்றச் சின்னப் பிள்ளைகளும் குடும்பக் கணக்கில் வந்தார்கள், வெளியாள் ஒருவரும் வேண்டும் என்றார்கள். கச்சான் நடுகிற காலம், விதை வாங்க வெளியே போகத் தேவையில்லாத ஆள் யார் இருக்கிறார்? சனிக்கிழமை காலை பாஸ் கந்தோர் வரிசையில் அழகம்மா நிற்பதை விமலேஸ்வரி கண்டாள். அழகம்மாவின் மகள் வவுனியாவில் எட்டு மாதக் கர்ப்பிணி. தையில் பிள்ளை பிறக்கும், போகவேணும் மிஸ் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்.

"உங்கடை மகள் பார்த்துக்கொண்டிருப்பாள் அக்கா. என்ரை பேரைக் குடுக்கிறன்."

"உங்களுக்கு வேற யாரும் பாத்துக்கிட்டு இல்லையாக்கும்?" என்றார் அழகம்மா, சட்டென்று. பிறகு குரலைத் தணித்தார். "கழுவினது இந்தக் கைதானே மிஸ். இதே கையால வைக்கிறேன்." மையில் விரலை அமத்திப் பிணைப் படிவத்தில் வைத்தார்.

திங்கட்கிழமை. வாகனம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. உயிலங்குளம் போய், அங்கே எல்லையைக் கடந்து, வவுனியா, பிறகு கொழும்பு. தாய் மகளின் தலையை இழுத்து இழுத்து மணந்துகொண்டிருந்தார். விமலேஸ்வரியின் கையில் இரண்டு உறை. ஒன்றில் நாலு பக்கம். மற்றதில் அன்று காலை எழுதிய இரண்டு வரி: 'இது தர்மிளா, ஏழு வயது. உன் போத்தலால் பார்த்துச் சொல்லு.' எஞ்சின் உறுமும்வரை இரண்டையும் பிடித்துக்கொண்டு நின்றாள். மாயாண்டி யன்னலால் கையை நீட்டியபோது மெல்லிய உறையைக் கொடுத்தாள்.

"அன்னைக்குச் சொன்ன கடுதாசி அந்தக் கனமான உறை இல்லையா மிஸ்?" என்று மற்ற உறையைப் பார்த்துக் கேட்டார். அவள் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

மாசி பிறந்து வெயில் ஏறிய ஒரு காலையில் பதில் வந்தது. கடிதமும், சொக்கிலேற் சுற்றுகிற வெள்ளித்தாளில் பொதிந்த ஒரு தட்டையான சாமானும். அவன் எழுத்து இன்னும் அதேமாதிரி வலம் சாய்ந்திருந்தது.

'விமலா, பிள்ளையின் என்பு மச்சையில் போட்டுப் பார்த்தேன். பச்சை. முழுக்கப் பச்சை. போத்தலில் ஆய்வுக்கு மட்டும் என்று அடித்திருப்பதால் இதை நான் உனக்கு மட்டும் சொன்னதாக வைத்துக்கொள். இங்குள்ள டொக்டர்மார் தங்கள் வழியிலும் அதையேதான் கண்டார்கள். மருந்து தொடங்கி, மயிர் கொட்டி, பிள்ளை தகப்பனோடு சண்டை பிடிக்குதாம். இரண்டு மூன்று வருடம் மருந்து, முடிவு எனக்குத் தெரியாது. உனக்காக ஒரு ஸ்லைட் வைத்தேன். உன் நுணுக்குக்காட்டியில் இது தெரியாது, நீல விளக்கு வேண்டும். வெயில் காட்டாதே, வெயில் பட்டால் பச்சை அணைந்துபோகும். குளிரில், இருட்டில் வை. எத்தனை நாள் நிற்கும் என்று தெரியவில்லை. வரும்போது கொண்டு வா.'

அவ்வளவுதான். தன்னைப்பற்றி ஒரு சொல் இல்லை. விமலேஸ்வரி கடைசி மூன்று சொல்லையும் திரும்பத் திரும்ப வாசித்தாள். வரும்போது. கொண்டு. வா. கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது.

யன்னலால் நல்ல வெயில் மேசையில் விழுந்துகொண்டிருந்தது. நாலு மாதம் அவள் பார்த்திருந்த வெயில். நுணுக்குக்காட்டியின் அடிக்கண்ணாடி பளபளத்தது. ஒரேயொரு தரம், ஒரு கணம், வைத்துப் பார்த்தால் என்ன? நிழலாவது தெரியாதா? வெள்ளித்தாளின் ஓரத்தில் நகத்தை வைத்தாள்.

"மிஸ்," என்றது வாசலில் குரல். அழகம்மா, கையில் சாம்பல் சட்டி. அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு ஒவ்வொரு கண்ணாடிக்கும் கேட்டுவிட்டுத்தான் எடுப்பார். பேரன் பிறந்து இருபது நாள், இன்னும் அவர் பார்க்கவில்லை. "அது கழுவவா, வைக்கவா?"

விமலேஸ்வரி நகத்தை எடுத்தாள்.

"வைக்க, அக்கா."

தடுப்பூசி வைக்கிற, மண்ணெண்ணெய்த் திரியின் சூட்டில் ஓடுகிற குளிர்ப்பெட்டியைத் திறந்து, போலியோச் சொட்டு மருந்துக்குப் பின்னால், இருட்டான மூலையில் வெள்ளித்தாளை வைத்து மூடினாள். அந்தக் கிழமை கூட்டுறவுக் கடைக்கு எண்ணெய் வரவில்லை, பெட்டியின் தாங்கியில் அடிமட்டத்துக்குத்தான் இருந்தது. வீட்டிலிருந்து அவள் ஒரு போத்தல் கொண்டுவந்தாள். அம்மாவின் கட்டிலடியில் எரிகிற ஜாம்போத்தல் விளக்குக்கு வைத்திருந்தது அது. அதைச் சிந்தாமல் தாங்கியில் ஊற்றினாள். சீமெந்துத் தரையில் முழங்காலில் இருந்து, கன்னம் நிலத்தில் படக் குனிந்து, பெட்டிக்கு அடியில் இருக்கிற சின்னக் கண்ணாடியில் திரியைப் பார்த்தாள். மஞ்சளாகப் புகைந்துகொண்டிருந்தது. விசையை மெல்லத் திருகினாள். மஞ்சள் சுருங்கியது, ஆடியது, பிறகு நீலமாகி அசையாமல் நின்றது.